ஆறாவது நோட்டு

வேண்டாம்மா, இந்தப் பையை மேல வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்ல, உள்ள ஒரே ஒரு நோட்டுதான். நீங்க உங்க பையை வைங்க. அதுல என்ன, நோட்டுக்கட்டா? டீச்சரா? நெனைச்சேன். கையில பென்சிலைப் பிடிச்சுக்கிட்டே பஸ் ஏறுத ஆளு வேற யாரு இருப்பா.

மதுரைக்கா? திருமங்கலத்துல எறங்கணுமா? அப்ப நல்லதாப் போச்சு, அதுவரைக்கும் பேச்சுத் துணை. நான் கடைசி வரைக்கும் போறேன். மக வீட்டுக்கு. ஹெப்சின்னு பேரு. ஹெப்சிபா. ஒரே மக.

இது என்ன நோட்டுன்னு கேக்கியளா? உங்க நெத்தியில பொட்டு இருக்கு, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லுதேன். இது வேதாகமம். அச்சடிச்சது இல்ல, நானே கையால எழுதுனது. ஆதியாகமத்துல ஆரம்பிச்சு கடைசிப் புஸ்தகம் வரைக்கும், அறுபத்தாறு புஸ்தகம், ஒரு எழுத்து விடாம. லாங் சைஸ் நோட்டு பத்தொம்பது ஆச்சு. ரெண்டு வருஷம் அஞ்சு மாசம். இது அதுல ஆறாவது நோட்டு.

கொரோனா முடிஞ்ச சமயம் எங்க ஐயர் கோயில்ல அறிவிச்சாங்க. சர்ச்சைக் கோயில்னும் பாஸ்டரை ஐயர்னும்தான் நாங்க சொல்லுவோம். சபைக்கு நூத்தம்பதாவது வருஷம் வருது, இஷ்டப்பட்டவங்க வேதத்தைக் கையால எழுதிப் பண்டிகைக்குக் கொண்டு வரலாம்னு சொன்னாங்க. நாப்பத்திமூணு பேரு பேர் கொடுத்தாங்க டீச்சர். கோயிலே அதிர்ற மாதிரி கைதட்டு. மூணாவது புஸ்தகம், லேவியராகமம் வரும்போதே பாதிப்பேரைக் காணல. எங்க தெரு சொர்ணம் இருக்காளே, அவ புதிய ஏற்பாடு மட்டும் எழுதிட்டு, முழு வேதமும் எழுதுன மாதிரி முன் வரிசையில வந்து உக்காந்தா. அவளுக்கும் சால்வை, எனக்கும் சால்வை. சரி, அது போகட்டும். கர்த்தருக்குத் தெரியும்.

முழுசா முடிச்சது நான் ஒருத்தி. நேசபாக்கியம்னா எங்க ஊர்ல யாரும் சொல்லுவாங்க.

எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காலையில ஒம்பதரைக்கு உக்காந்தா பன்னெண்டரைக்குத்தான் எந்திரிப்பேன். நடுவுல வானமே இடிஞ்சு விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன். கருப்பு மைதான், பந்துமுனைப் பேனாதான். அடிச்சுத் திருத்துற வேலை கெடையாது. ஒரு எழுத்து தப்பாப் போனா அந்தத் தாளையே கிழிச்சுட்டு மறுபடி எழுதுவேன். எந்த நோட்டை வேணும்னாலும் பிரிச்சுப் பாருங்க, அடித்தல் இருந்தா என் பேரை மாத்திக்கிடுதேன்.

அப்புறம் இந்தக் கோடு. இந்தா, ஓரத்துல பென்சில்ல சின்னச் சின்னதா இருக்குல்லா? இது நானாக் கண்டுபிடிச்சது. எழுத உக்காந்தா போதும், அப்பத்தான் கரண்ட் போகும். கேஸ்காரன் வருவான். பக்கத்து வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்டு வருவா. போன் அடிக்கும். வேதத்தை எழுத விடாம இடைஞ்சல் பண்ணுதது யாரு? சாத்தான்தான, வேற யாரு? அதனால ஒரு இடைஞ்சலுக்கு ஒரு கோடு. எந்திரிக்க மாட்டேன், கோடு மட்டும் போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிருவேன். பின்னாடி கோயில்ல எல்லார் முன்னாலயும் சாட்சி சொல்லலாம்லா, சாத்தான் இத்தனை தடவை வந்தான், இத்தனை தடவையும் தோத்தான்னு.

கயத்தாறு தாண்டிட்டா? சீக்கிரம் போறான். மெதுவாப் போனாத்தான் எனக்கு நல்லது.

மக எங்கிட்டப் பேசி ரெண்டு வருஷமும் ரெண்டு மாசமும் ஆகுது டீச்சர்.

நீங்களே சொல்லுங்க, பெத்த தாயி மேல அப்படி என்ன கோவம்? நான் என்ன சினிமாவுக்குப் போனேனா, சீட்டாடப் போனேனா? வேதம் எழுதிக்கிட்டு இருந்தேன். அது ஒரு குத்தமா?

அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்ல. நான் உபவாசம் இருந்தேன், முழங்கால்ல நின்னேன். கர்த்தர் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு ஓசூர்ல கம்பெனி வேலை, சனிக்கிழமைதான் வருவாங்க. மத்த நாள் இவ மதுரையில தனியா இருப்பா. புது ஏரியா, பக்கத்துல இன்னும் வீடு வரல. இங்க வந்து இருன்னு சொன்னேன். ஏழாம் மாசம் முடியட்டும்மான்னா. எட்டும் வந்துட்டு. அடுத்த வாரம் கூட்டிட்டு வரலாம்னு இருந்தோம்.

அவளுக்குப் பயம் ஜாஸ்தி. அஞ்சாம் மாசத்துலயே ரெண்டு தடவை, வலிக்கு, என்னமோ பண்ணுதுன்னு ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டா. ரெண்டு தடவையும் டாக்டரம்மா ஒண்ணுமில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான்தான் சத்தம் போட்டேன். ஏட்டி, கர்த்தர் கொடுத்த பிள்ளையை அவருக்குப் பாத்துக்கிடத் தெரியாதா? விசுவாசம் இல்லாதவ மாதிரி எதுக்கெடுத்தாலும் ஏன் ஓடுத? இனிமே எதுனாலும் மொதல்ல எங்கிட்டக் கேளு, நான் சொன்னாத்தான் போகணும்னு சொன்னேன். சரிம்மான்னுட்டா. சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை டீச்சர். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். ஞாயிறு பள்ளியில வசனம் சொல்லி எத்தனை பிரைஸ் வாங்கியிருக்கா தெரியுமா?

அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் எழுத உக்காந்திருக்கேன். போன் உள் ரூம்ல சார்ஜுல கெடந்துது. எனக்குக் கேக்கல. அவ கூப்பிட்டிருக்கா. பதினோரு தடவை.

போன்ல காட்டும்லா, எத்தனை தடவைன்னு. அதுல பாத்துத்தான் சொல்லுதேன்.

எங்க வீட்டுக்காரங்க, அதான் ஹெப்சி அப்பா, தோட்டத்துல தண்ணி பாய்ச்சப் போயிட்டாங்க. அவங்க அப்ப போனே வச்சுக்கிட மாட்டாங்க. எனக்கு எதுக்கு, ஒங்கிட்ட இருக்குல்லாம்பாங்க. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு, அவங்களாப் போயி ஒண்ணு வாங்கிட்டு வந்து சட்டைப்பையில போட்டுக்கிட்டாங்க. குளிக்கப் போகும்போதுகூட எடுத்துட்டுப் போயி ஜன்னல்ல வைக்காங்க. மக தெனமும் அவங்ககிட்டப் பேசுதா. சிரிச்சுப் பேசுத சத்தம்கூடக் கேக்கும். நான் ரூமுக்குள்ள போனா, அவங்க எந்திரிச்சு வாசலுக்குப் போயிருவாங்க.

பன்னெண்டரைக்கு நோட்டை மூடி, ஜெபம் பண்ணி, போனை எடுத்துப் பாத்தேன். ஒடனே கூப்பிட்டேன். அம்மா, காலையில இருந்து பிள்ளை அசையலம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகவான்னு கேட்டா. போன்னு சொன்னேன். ஒடனே போட்டி, ஆட்டோ பிடிச்சு ஓடுன்னு நான்தான் சொன்னேன். நான் சொல்லாம இருந்தேனா?

பொம்பளைப் பிள்ளை. உயிர் இல்ல.

கொஞ்சம் முன்னால வந்திருந்தாப் பாத்திருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். பாத்திருக்கலாம்னுதான் சொல்லியிருக்காங்க. பொழச்சிருக்கும்னு சொல்லல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்லா டீச்சர்? இருக்கா இல்லையா?

நான் அன்னைக்குச் சாயங்காலமே போயிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்தேன். எனக்குத் தெரிஞ்சது வேதம் ஒண்ணுதான். யோபுன்னு ஒருத்தரு, ஒரே நாள்ல அத்தனை பிள்ளைகளையும் பறிகொடுத்தவரு, அப்பவும் கடவுளைக் குறை சொல்லாதவரு. அந்த அதிகாரத்தை எடுத்து வாசிச்சேன். முழுசா வாசிச்சேன். அவ சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. வாசிச்சு முடிச்ச பெறகு ஒரே ஒரு கேள்வி கேட்டா. அம்மா, போன் அடிச்சது ஒனக்குக் கேக்கலையான்னு. கேக்கலம்மா, உள்ள சார்ஜுல கெடந்துதுன்னு சொன்னேன். சரின்னா. அதுதான் கடைசி. சரின்னு சொன்னதுதான்.

தண்ணி குடிக்கியளா? எனக்கு வேணும்.

பிள்ளைக்குப் பேரு வச்சிருக்கா டீச்சர். அடக்கம் பண்ணுததுக்கு முன்னால வச்சிருக்கா. என்ன பேருன்னு எங்க வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. சொல்லுங்கன்னு கேட்டா, சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கா நேசம், அவளே சொன்னாத்தான்னுட்டாங்க. நாப்பது வருஷம் குடும்பம் நடத்துன மனுஷன்.

நான் எழுதுறதை விடல. விட்டா சாத்தான் ஜெயிச்ச மாதிரி ஆயிரும்லா? பதினாறாம் நாள் மறுபடி உக்காந்தேன். எழுதி முடிச்சேன். போன ஆவணி மாசம் பண்டிகை. பத்தொம்பது நோட்டையும் தலையில சுமந்து ஊர்வலமாக் கொண்டு போயி கோயில் பீடத்துல வச்சாங்க. எனக்கு மைக்கைக் கொடுத்து, அக்கா, சாட்சி சொல்லுங்கன்னாங்க. நான் இந்தக் கோட்டுக் கதையைச் சொன்னேன். வீட்டுல உக்காந்து பத்தொம்பது நோட்டையும் புரட்டி எண்ணிட்டுத்தான் போயிருந்தேன். நானூத்தி முப்பத்தேழு தடவை சாத்தான் என்னைக் கூப்பிட்டான், ஒவ்வொரு தடவையும் என் காதுல விழுந்துது, ஒரு தடவைகூட நான் எந்திரிக்கலன்னேன். கோயில் முழுக்க ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு ஒரே சத்தம். சொர்ணம்கூட அழுதா.

அதை யாரோ படம் பிடிச்சு யூடியூப்ல போட்டுட்டாங்க. மகளும் பாத்துட்டாளாம்.

கோவில்பட்டி தாண்டியாச்சா? எப்ப தாண்டிச்சு? நான் பாக்கவே இல்ல.

போன வாரம் எங்க வீட்டுக்காரங்க வாசல்ல பேசி முடிச்சுட்டு உள்ள வந்தாங்க. நேசம், ஹெப்சி ஒன்னை வரச் சொல்லுதான்னாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதிரசம் சுடலாமா, முறுக்கு சுடலாமான்னு கேக்கேன். அதெல்லாம் வேண்டாமாம். அந்தச் செவ்வாய்க்கிழமை எழுதுன நோட்டை மட்டும் கொண்டு வரணுமாம். அந்தப் பக்கத்தை அவ பாக்கணுமாம். பாத்துட்டுப் பேசுதாளாம்.

எழுதுன தேதி ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ இருக்கு, அது அவளுக்குத் தெரியும். நோட்டெல்லாம் கோயில்ல கண்ணாடி அலமாரியில இருக்கு. நேத்து ஐயர்கிட்டப் போயி, மக வாசிக்கணும்னு ஆசைப்படுதான்னு சொல்லி இதை வாங்கிட்டு வந்தேன். ஐயருக்கு ஒரே சந்தோஷம். இன்னைக்குக் காலையில கெளம்பும்போது எங்க வீட்டுக்காரங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாங்க. ஏத்தி விட்டுட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்னாங்க. இருக்கிறதை இருக்கிற மாதிரியே கொண்டு போய்க் காட்டு நேசம்னாங்க. என்ன நெனைச்சுச் சொன்னாங்களோ.

பாக்கியளா அந்தப் பக்கத்தை? இருங்க, அடையாளத்துக்கு நூல் வச்சிருக்கேன். இந்தா.

இது நாளாகமம். இதுல மொத ஒம்பது அதிகாரம் வெறும் பேருதான். இன்னாருக்கு இன்னார் மகன், அவருக்கு இன்னார் மகன்னு போய்க்கிட்டே இருக்கும். நெறைய பேரு இதை வாசிக்காமத் தள்ளிட்டுப் போயிருவாங்க. நான் ஒரு பேரு விடல. எழுத்தைப் பாருங்க. பத்தொம்பது நோட்டுலயும் இந்தப் பக்கம்தான் டீச்சர் நல்ல எழுத்து. ஒரு கோணல் இல்ல, ஒரு நடுக்கம் இல்ல. முத்து முத்தா இருக்குல்லா?

என்ன அப்படிப் பாக்கியோ?

ஆமா. மத்த பக்கத்துல அங்கங்க ஓரத்துல கோடு இருக்கு. இதுல ஒண்ணுகூட இல்ல. அன்னைக்குக் கரண்ட் போகல. யாரும் வரல. அதனால இல்ல.

தடவாதீங்க. எதுக்குத் தடவுதீங்க?

வாத்தியார் கண்ணு. பிள்ளைகள் அழிச்சுட்டு எழுதுனதைப் பாத்துப் பாத்துப் பழகுன கண்ணு. ரப்பர் போட்ட எடம் உங்களுக்குத் தெரியாமப் போகுமா?

நேத்துச் சாயங்காலம்தான் அழிச்சேன். புது ரப்பர் வாங்கி அழிச்சேன். பேப்பர் கொஞ்சம் கூட நொந்துரக்கூடாதுன்னு மெல்ல மெல்ல அழிச்சேன். ரப்பர் தூளை ஊதிவிட்டேன். பாத்தா ஒண்ணுமே தெரியல. எனக்குத் தெரியல டீச்சர். என் கண்ணுக்குத் தெரியல.

போன் உள் ரூம்ல இல்ல.

மேசையில எனக்கு எடது கைப்பக்கம் இருந்துது. ஸ்கேலுக்குப் பக்கத்துல. மொத தடவை அடிக்கும்போது ஒரு பேரைப் பாதி எழுதியிருந்தேன். திரும்பிப் பாத்தேன், ஹெப்சின்னு போட்டிருந்துது. பேரை முடிச்சுட்டு ஒரு கோடு போட்டேன். ரெண்டாவது தடவை ரெண்டு வரி தள்ளி. மூணாவது தடவை அடிச்சப்ப போனைக் கவுத்துப் போட்டேன். இவ எப்பவும் இப்படித்தான், பன்னெண்டரைக்குப் பேசிக்கிடலாம்னு நெனைச்சேன். அப்புறமும் அடிச்சுது. நான் கோடு போட்டேன். அவதான்னு தெரிஞ்சே போட்டேன். அவளைச் சாத்தான் கணக்குல வச்சேன்.

சாட்சி சொன்னப்ப அந்தப் பதினொண்ணையும் சேத்தா சொன்னீங்கன்னு கேக்கியோ?

நான் எண்ணிட்டுத்தான போனேன். ஒவ்வொரு நோட்டா எண்ணுனேன். இந்த நோட்டையும் எண்ணுனேன். இந்தப் பக்கம் வந்தப்ப விரல் வச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுனேன். பதினொண்ணு. அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன். எண்ணிக்கிட்டு இருக்கும்போது எனக்கு ஒண்ணுமே தோணல டீச்சர். முழு வேதத்தையும் என் கையால எழுதியிருக்கேன். இரக்கம்னு எத்தனை தடவை எழுதியிருப்பேன்? ஆயிரம் தடவை எழுதியிருப்பேனா? அந்தப் பக்கத்துல அத்தனை பேருடைய பேரையும் எழுதினேன், யாருக்கு யாரு பிள்ளைன்னு. என் பேத்தி பேரு எனக்குத் தெரியாது.

அந்தப் பேரைக் கேக்கத்தான் போறேன். அவ கோவம் தணியணும், என்னைச் சேத்துக்கிடணும், அதெல்லாம் அப்புறம். பேரைச் சொன்னாப் போதும்.

இந்தப் பக்கத்தைக் காட்டி, பாத்தியா, ஒரு கோடும் இல்ல, எனக்குக் கேக்கவே இல்லன்னு சொல்லிரலாம்னுதான் கெளம்புனேன். அவ நம்பிருவா. சொன்ன பேச்சு கேக்குற பிள்ளைதான, நம்பிருவா. நம்பிட்டாப் பேரைச் சொல்லிருவா. சாத்தூர் வரைக்கும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். ஏன் உங்ககிட்டப் பேச்சு கொடுத்தேன்னு தெரியல.

டீச்சர், உங்க கண்ணு நல்ல கண்ணு. இந்த ஜன்னல் வெயில்ல நோட்டைச் சாய்ச்சுப் பிடிங்க. இன்னும் கொஞ்சம். அழுத்திப் போடுத பழக்கம் எனக்கு, தடம் விழுந்திருக்கும். தெரியுதா? எத்தனை? ஒம்பதா? இல்ல, இன்னும் கீழ பாருங்க. கடைசி ரெண்டும் கீழ இருக்கும். பன்னெண்டு மணிக்கு மேல கூப்பிட்டது.

ஆமா. பதினொண்ணு.

அந்தப் பென்சிலைக் கொஞ்சம் கொடுங்க.

பரவாயில்ல, பஸ் குலுங்கட்டும். விருதுநகர் தாண்டிட்டான், திருமங்கலம் வந்தா நீங்க எறங்கிருவீங்க. நோட்டை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க. எந்த எடம்னு விரல் வச்சுக் காட்டுங்க, எனக்குத் தெரியல.

கோடு கோணலாத்தான் விழுது. விழட்டும். அடுத்தது எங்க?